லடாக்குக்கு எது சரியா வரும்: ஆறாவது அட்டவணையா, 371ஆ, தனி மாநிலமா?

ரெண்டு வருஷம் முன்னாடி ஜூலை மாசம் லே-ல இருந்து மேற்கால ஷாம் பக்கம் ஒரு கிராமத்துல நாலு நாள் தங்கியிருந்தேன். காலையில அஞ்சரை மணிக்கு வெளிய வந்தா பார்லி வயல் ஓரமா ஒரு பெரியவர் மண்வெட்டியோட நிக்கிறாரு, வாய்க்கால்ல இருந்த ஒரு கல்லை எடுத்து அந்தாண்ட வச்சாரு, புல்கட்டியும் சேறும் சேத்து பழைய வாயை அடைச்சாரு, தண்ணி அப்படியே அடுத்த வயலுக்குத் திரும்பிடுச்சு. அவருதான் அந்த ஊரு சுர்போன். நம்ம ஏரிப்பாசன ஊர்கள்ல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரே, அதே வேலைதான். மேல பனி உருகி வர்ற தண்ணியை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடணும்னு முடிவு பண்றது அவர். அவர் வச்ச கல்லை வேற யாரும் தொடமாட்டாங்கன்னு நாங்க தங்கின வீட்டு அமா-லே சொன்னாங்க (அம்மாங்கிறதுக்கு அவங்க பாஷையில அமா, மரியாதைக்குப் பின்னாடி ஒரு லே).

2025 செப்டம்பர் 24ஆம் தேதி லே-ல கூடுதல் அதிகாரம் கேட்டு நடந்த போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து நாலு பேர் செத்தாங்கன்னு செய்தி வந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் கல்தான். ஏன்னா லடாக்ல நடக்கிற சண்டை மொத்தமும் அதைப் பத்தினதுதான், அந்த ஊரு நிலத்துக்கும் தண்ணிக்கும் கடைசியா முடிவு எடுக்கிறது யாரு. அதை விட்டுட்டு டிவியில ஒரு பக்கம் தேசத்துக்கு எதிரான சதிங்கிறாங்க, இன்னொரு பக்கம் அரசியல் சட்டத்தோட ஆறாவது அட்டவணை (பழங்குடிப் பகுதிகளுக்கான தன்னாட்சி ஏற்பாடு) குடுத்தா எல்லாம் சரியாயிடும்ங்கிறாங்க. ரெண்டு பேருமே அந்த அட்டவணைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. அதனால லடாக் மக்கள் முன்னாடி இருக்கிற வழிகளை ஒண்ணொண்ணா எடுத்து, எதுல கடைசிக் கையெழுத்து யார்கிட்ட இருக்குன்னு மட்டும் பாப்போம்னு நினைச்சேன்.

கொஞ்சம் பின்னணி. 2019 ஆகஸ்ட் வரைக்கும் லடாக் ஜம்மு காஷ்மீர் மாநிலத்துல ஒரு பகுதி, அந்த சட்டசபையில அவங்களுக்கு 4 எம்எல்ஏ. 2019 அக்டோபர் 31ல இருந்து தனி யூனியன் பிரதேசம், ஆனா சட்டசபை கிடையாது. லே-ல அன்னைக்கு கொண்டாட்டம், ஏன்னா காஷ்மீர்ல இருந்து பிரிச்சு யூனியன் பிரதேசம் ஆக்குங்கன்னு அவங்க 1989லயே பெரிய போராட்டம் நடத்தினவங்க. கார்கில்ல அன்னைக்கே எதிர்ப்பு. லே-ல பௌத்தர்கள் அதிகம், கார்கில்ல ஷியா முஸ்லிம்கள் அதிகம், ரெண்டு பேரும் ரொம்ப காலமா எதிரெதிரா நின்னவங்க. ஆனா கொஞ்ச நாள்லயே லே-காரங்களுக்கும் புரிஞ்சுபோச்சு, 370ஓடயும் 35ஏவோடயும் சேர்ந்து நிலத்துக்கு அரசியல் சட்டத்துல இருந்த காப்பும் போயிடுச்சு, 4 எம்எல்ஏவும் போயிட்டாங்க, மிஞ்சினது ஒரே ஒரு எம்பியும் டெல்லி அனுப்புற துணைநிலை ஆளுநரும்தான்னு. அப்புறம்தான் அந்தந்த ஊர் அமைப்புகளோட கூட்டணிகளான லே அபெக்ஸ் பாடியும் கார்கில் டெமாக்ரடிக் அலையன்ஸும் ஒண்ணா சேர்ந்து மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணை, லே-க்கு ஒண்ணு கார்கிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு எம்பி சீட்டு, தனி தேர்வாணையத்தோட வேலைவாய்ப்புன்னு நாலு கோரிக்கை வச்சாங்க. அத்தனை வருஷம் சேராத ரெண்டு ஊரு சேர்ந்ததே பெரிய விஷயம்.

இப்ப வழிகளுக்கு வருவோம். முதல் வழி, இப்ப இருக்கிறதையே சீர் பண்றது. லே-க்கு 1995ல இருந்தும் கார்கிலுக்கு 2003ல இருந்தும் ஹில் கவுன்சில் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 30 பேர், அதுல 26 பேர் மக்கள் ஓட்டு போட்டு வர்றவங்க. பேருக்கு நிறைய துறை இவங்க கையில இருக்கு. ஆனா சட்டம் போட முடியாது. 2024-25 மத்திய பட்ஜெட்ல லடாக்குக்கு 5,958 கோடி ஒதுக்கினாங்க, மூணு லட்சம்கூட இல்லாத மக்களுக்கு (2011 கணக்குப்படி 2.74 லட்சம்) அது பெரிய தொகைதான், ஆனா அதுல பெரும்பகுதியை எங்க எப்படி செலவு பண்றதுங்கிறது கவுன்சில் கையில இல்ல, அதிகாரிங்க கையில. 2025 ஜூன்ல மத்திய அரசு சில ஒழுங்குமுறைகள் கொண்டுவந்துச்சு. அரசு வேலையில உள்ளூர்க்காரங்களுக்கு 85 சதவீதம், வெளியூர்க்காரங்க உள்ளூராளா கணக்காக 2019 அக்டோபர்ல இருந்து 15 வருஷம் இருந்திருக்கணும், கவுன்சில்ல பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு, உள்ளூர் மொழிகளான போத்தி, புர்கி உட்பட 5 ஆட்சி மொழி. இதெல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. நிலத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. அதோட இது குடியரசுத் தலைவர் பேர்ல டெல்லியில போட்ட ஒழுங்குமுறை, போட்டவங்களே நாளைக்கு இன்னொரு பேப்பர்ல மாத்திடலாம், லடாக்ல ஒருத்தரையும் கேட்க வேண்டியதில்ல.

ரெண்டாவது வழி சட்டசபையோட யூனியன் பிரதேசம். இது எப்படி இருக்கும்னு தமிழ் படிக்கிறவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், புதுச்சேரி நம்ம பக்கத்துலயே இருக்கு. ஓட்டு போட்டு 30 எம்எல்ஏ வருவாங்க, மத்திய அரசு 3 பேரை நியமிக்கும், ஃபைல் ஆளுநர் மாளிகையில நிக்கும். 2019 பிப்ரவரியில முதலமைச்சரா இருந்த நாராயணசாமியே ராஜ் நிவாஸ் வாசல்ல ராத்திரி பகலா தர்ணா உக்காந்தாரே, அதை மறக்க முடியுமா. புதுச்சேரி சட்டசபை மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை தடவை தீர்மானம் போட்டிருக்கு. அதனால சட்டசபை மட்டும் குடுத்தா போதும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இது இல்லாம மத்த எதுவும் சரியா நிக்காதுங்கிறதும் உண்மை. ஏன்னு அரசியல் சட்டத்தோட 371ஆவது பிரிவுக்கு (சில மாநிலங்களுக்கான தனி விதிகள்) வரும்போது சொல்றேன்.

மூணாவது, எல்லாரும் கோஷம் போடுற ஆறாவது அட்டவணை. இதுலதான் கொஞ்சம் நின்னு பாக்கணும். அரசியல் நிர்ணய சபையில கோபிநாத் பர்தலை தலைமையில இருந்த குழு, அசாம் மலைகள்ல இருக்கிற பழங்குடிகள் நிலமும் வழக்கமும் சமவெளிக்காரங்க கையில போயிடக்கூடாதுன்னு கொண்டுவந்த ஏற்பாடு இது. இப்ப அசாம்ல 3, மேகாலயாவுல 3, மிசோரம்ல 3, திரிபுராவுல 1, மொத்தம் 10 தன்னாட்சி கவுன்சில் இருக்கு. நிலத்தை யாருக்கு எதுக்கு ஒதுக்கறது, காப்புக்காடு அல்லாத காடு, விவசாயத்துக்கான வாய்க்கால் தண்ணி, கிராம சபை, கல்யாணம், சொத்துரிமை இதுக்கெல்லாம் கவுன்சிலே சட்டம் போடலாம், கிராம நீதிமன்றம் வைக்கலாம், கனிம ராயல்டியில பங்கும் உண்டு. வாய்க்கால் தண்ணின்னு சட்டத்துலயே இருக்கிறதைப் படிச்சப்போ அந்த சுர்போன் பெரியவர் கண்ணு முன்னாடி வந்துட்டாரு. மக்கள்தொகையில கிட்டத்தட்ட 97 சதவீதம் பழங்குடிங்கிறதால லடாக்கை இதுல சேக்கலாம்னு தேசிய பழங்குடியினர் ஆணையமே 2019 செப்டம்பர்ல பரிந்துரை பண்ணுச்சு, 2020 லே கவுன்சில் தேர்தல்ல பாஜகவே இதை வாக்குறுதியா குடுத்துச்சு. கேட்டு வாங்கின ஓட்டுக்கு அஞ்சு வருஷம் கழிச்சும் பதில் இல்லைங்கிறதுதான் அந்த ஊரு பசங்களோட கோபத்துக்கு அடி.

ஆனா ஆறாவது அட்டவணையோட ஓட்டைகளையும் பாக்கணும், ஆதரிக்கிறவங்க இதைப் பேசறதே இல்ல. கவுன்சில் போடுற சட்டம் ஆளுநர் ஒப்புதல் குடுத்தாத்தான் செல்லும். லடாக்ல அந்த இடத்துல துணைநிலை ஆளுநர் உக்காந்தா, கையெழுத்து திரும்ப டெல்லிக்கே போகுது. பணமும் மேல இருந்து வந்தாத்தான், திரிபுரா கவுன்சில் மாநிலப் பரப்புல மூணுல ரெண்டு பங்கை வச்சிருந்தும் காசுக்கு அகர்தலாவைப் பாத்துக்கிட்டு இருக்குது. மேகாலயா கதை இன்னும் வேதனை. அங்க நிலம் வெளியாளுக்குப் போகல, சரி, ஆனா நிலம் வச்சிருந்த உள்ளூர்க்காரங்கள்ல பணம் உள்ளவங்களே எலிவளை சுரங்கம் தோண்டி நிலக்கரி எடுத்தாங்க, ஆறெல்லாம் அமிலமாச்சு, 2014ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டும் திருட்டுத்தனமா நடந்துச்சு, 2018 டிசம்பர்ல கிழக்கு ஜெயின்டியா மலையில ஒரு சுரங்கத்துல தண்ணி புகுந்து 15 தொழிலாளிங்க உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க. வெளியாள்கிட்ட இருந்து காப்பாத்துற வேலி உள்ளூர் பெரிய ஆள்கிட்ட இருந்து காப்பாத்தாது. லே டவுன்ல ஹோட்டலுக்கு ஹோட்டல் போர் போட்டு தண்ணி உறிஞ்சறது வெளியாள் மட்டும் இல்லையே.

அசாம்ல இருக்கிற போடோலாந்தையும் சொல்லணும். 2003ல அங்க ஆறாவது அட்டவணை கவுன்சில் வந்துச்சு, ஆனா அந்தப் பகுதியில போடோ மக்களே பெரும்பான்மை இல்ல, மத்தவங்களுக்கு நம்ம கதி என்னன்னு பயம், 2012ல பெரிய கலவரம், லட்சக்கணக்கான பேர் முகாமுக்கு ஓடினாங்க. லடாக்ல அந்த மாதிரி எண்ணிக்கை பிரச்சனை கிடையாது, ஆனா லே-கார்கில் இடையில சமநிலை இல்லேன்னா இதே வியாதி வேற ரூபத்துல வரும். அதனால ஒரே கவுன்சில் கூடவே கூடாது, ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கணும்.

"யூனியன் பிரதேசத்துல ஆறாவது அட்டவணை எப்படி வரும்"னு சிலர் கேக்கறாங்க. வந்திருக்கே. மிசோரம் 1972ல இருந்து 1987 வரைக்கும் யூனியன் பிரதேசம், சட்டசபை இருந்துச்சு, கூடவே அதோட தெற்குல சின்ன பழங்குடிகளுக்கு ஆறாவது அட்டவணை கவுன்சில் மூணும் இருந்துச்சு. அரசியல் சட்டத்துலயே மிசோரம் யூனியன் பிரதேசம்னு பேர் போட்டு எழுதியிருந்தாங்க.

நாலாவது வழி 371 வகை. நாகாலாந்துக்கு 371ஏ, மிசோரத்துக்கு 371ஜி. இதுல இருக்கிற ஒரு வரிதான் உசுரு: அவங்க மத, சமூக வழக்கம், வழக்காறு சட்டம், நில உரிமை, நிலக் கைமாற்றம் இதுல நாடாளுமன்றம் போடுற எந்தச் சட்டமும் அந்த மாநில சட்டசபை தீர்மானம் போட்டு ஏத்துக்கிட்டாத்தான் அங்க செல்லும். கையெழுத்து மொத்தமா உள்ளூர் சபை கையில. ஆறாவது அட்டவணையை விட இது பலமான வேலி. ஆனா கவனிச்சுப் பாருங்க, அந்த வரியே சட்டசபைங்கிற சொல்லுல தொங்குது. சட்டசபையே இல்லாத இடத்துல 371 குடுக்கறோம்னா, தீர்மானம் யார் போடறது? ஹில் கவுன்சில் போடலாம்னு எழுதினா அது வேற ஏற்பாடு, அதை 371ஏ மாதிரின்னு சொல்றது சரியில்ல. ஆறாவது அட்டவணைக்குப் பதிலா 371ன்னு யார் பேசினாலும், முதல்ல இந்த ஒரு கேள்வியைத்தான் கேக்கணும்.

371லயும் ஒரு கசப்பு இருக்கு. நாகாலாந்துல நகராட்சியில பெண்களுக்கு 33 சதவீதம் குடுக்கறது எங்க வழக்கத்துக்கு விரோதம்னு 371ஏவைக் காட்டியே வருஷக்கணக்கா தடுத்தாங்க, 2017ல கோஹிமாவுல அரசு கட்டிடங்களுக்கே தீ வச்சாங்க, கடைசியா அந்த ஒதுக்கீட்டோட நகராட்சித் தேர்தல் நடந்தது 2024 ஜூன்லதான். வழக்கம்ங்கிற சொல்லை யார் பேசறாங்கன்னு பாக்கணும், பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள்தான், பெண்கள் இல்ல. லடாக் கவுன்சில்ல இப்ப கிடைச்சிருக்கிற மூணுல ஒரு பங்கை எந்தப் புது ஏற்பாட்டுலயும் கைவிடக்கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

அஞ்சாவது முழு மாநிலம். இதுக்கு எதிரா உடனே வர்ற பேச்சு மூணு லட்சம் பேருக்கு எதுக்கு மாநிலம்னு. நாகாலாந்து 1963ல மாநிலமானப்போ ஜனத்தொகை நாலு லட்சத்தைத் தாண்டியிருக்காது, 1961 கணக்கு 3.69 லட்சம். சிக்கிம் 1975ல சேர்ந்தப்போ இன்னும் குறைவு. அதனால தலைக்கணக்கு ஒரு காரணமே இல்ல. வருமானம் இல்லேங்கிறது நியாயமான கவலை, ஆனா வடகிழக்கு மாநிலங்கள்ல பெரும்பாலானது மத்திய நிதியிலதான் ஓடுது. கார்கில்காரங்களுக்கு இந்த வழிதான் முதல் ஆசை, ஏன்னா டெல்லியோட நேர் ஆட்சி அவங்களுக்கு 2019லயே பிடிக்கல.

இப்ப எல்லாத்துக்கும் மேல நிக்கிற கேள்வி, தேச ஒற்றுமை. ரெண்டு பக்கம் சீனாவும் பாகிஸ்தானும் இருக்கிற இடத்துல இவ்வளவு அதிகாரம் குடுக்கலாமா? 2020 ஜூன்ல கல்வான்ல 20 வீரர்கள் செத்த இடம் அது, கவலையே படக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா ஆறாவது அட்டவணையோட மூணாவது பத்தியைப் படிச்சா அதுலயே இருக்கு, கவுன்சில் போடுற நிலச் சட்டம் எதுவும் பொதுக் காரியத்துக்கு அரசு நிலம் கையகப்படுத்தறதைத் தடுக்காது. ராணுவத்துக்கு ரோடு போட, முகாம் அமைக்க ஒரு தடையும் வராது. பாதுகாப்பும் எப்பவும் போல மத்திய அரசு கையிலதான். அப்ப யாருக்குத் தடை வரும்? கிழக்கு லடாக்ல சாங்தாங்கிற மேட்டுநிலத்துல மேய்ச்சல் நிலத்தை வளைச்சுப் போடறவங்களுக்கு வரும். அங்க பாங் பக்கம் 13 கிகாவாட் சோலார் திட்டம், மின்சாரம் வெளிய கொண்டுபோற லைனுக்கு மட்டும் 20,773 கோடிக்கு 2023 அக்டோபர்ல ஒப்புதல் குடுத்தாங்க. சாங்பா மக்கள் பஷ்மினா ஆட்டை மேய்க்கிற இடம் அது, பாக்க காலி நிலமாத்தான் தெரியும், ஆனா எந்த மாசம் எந்தப் பள்ளத்தாக்குல மேய்க்கிறதுன்னு அவங்ககிட்ட பரம்பரைக் கணக்கு இருக்கு. சோலார் வேண்டாம்னு யாரும் சொல்லல, எங்க எவ்வளவுன்னு எங்களையும் கேளுங்கன்னுதான் கேக்கறாங்க.

ஒற்றுமைக்கு அவங்க செஞ்சதையும் சொல்லணும். 1999 மே மாசம் காணாமப் போன யாக்கைத் தேடி மலையேறின தாஷி நம்கியால்ங்கிற மேய்ப்பர்தான் பாகிஸ்தான்ல இருந்து ஊடுருவினவங்களைப் பாத்துட்டு வந்து ராணுவத்துக்குச் சொன்ன முதல் ஆட்கள்ல ஒருத்தர். ராணுவத்தோட லடாக் ஸ்கவுட்ஸ் படை அப்புறம் நடந்த கார்கில் போர்ல எப்படி நின்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மேஜரா இருந்த சோனம் வாங்சுக்குக்கு மகாவீர் சக்ரா குடுத்தாங்க (இவர் வேற ஆளு, லடாக் கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்த செயற்பாட்டாளர் சோனம் வாங்சுக் வேற ஆளு, பேர் ஒண்ணுங்கிறதால குழப்பிக்காதீங்க). 2025 செப்டம்பர்ல செத்த நாலு பேர்ல ஒருத்தர் கார்கில் போர்ல சண்டை போட்ட முன்னாள் ராணுவ வீரர். அன்னைக்கு கூட்டம் பாஜக ஆபீசுக்குத் தீ வச்சது தப்பு, அதை நியாயப்படுத்த முடியாது, வாங்சுக்கும் அன்னைக்கே வன்முறை வேண்டாம்னு சொல்லி உண்ணாவிரதத்தை முடிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அவரையே தேசிய பாதுகாப்புச் சட்டத்துல பிடிச்சு ஜோத்பூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனாங்க. லே-ல இருந்து டெல்லிக்கு நடைப்பயணமா கிளம்பினவங்க, 21 நாள் சாப்பிடாம கிடந்தவங்க, அவங்க கேட்டது எல்லாமே இந்த நாட்டு அரசியல் சட்டத்துல ஏற்கனவே இருக்கிற பக்கங்கள்தான். தனி நாடுன்னு ஒருத்தர் கேட்கல.

மிசோரத்தைப் பாருங்க. 1959 மூங்கில் பூத்து எலி பெருகி பஞ்சம் வந்தப்போ எங்களைக் கவனிக்கலன்னு ஆரம்பிச்ச கோபம், 1966 மார்ச்ல தனி நாடு அறிவிப்பு, அய்ஸ்வால் மேல நம்ம விமானப்படையே குண்டு போட்டுச்சு, இருபது வருஷம் ரத்தம். 1986 ஜூன் 30ல கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவோட ஒப்பந்தம், 1987 பிப்ரவரியில மாநிலம், 371ஜி. அதோட அந்தக் கிளர்ச்சி முடிஞ்சது, துப்பாக்கி தூக்கினவரே முதலமைச்சரா உறுதிமொழி எடுத்தாரு. நம்ம ஊர்லயும் 1963ல அண்ணா திராவிட நாடு கோரிக்கையை விட்டப்போ மாநில உரிமைங்கிற வழி திறந்து இருந்துச்சு, அதுலதான் நாம இன்னைக்கு வரைக்கும் நடக்கிறோம். இன்னொரு பக்கம் 371ஏ குடுத்தும் நாகா பிரச்சனை முழுசா முடியலயேன்னு கேக்கலாம், சரிதான், ஆனா அங்க இழுபறி எல்லை, கொடி, பல மாநிலத்துல பரவியிருக்கிற நாகர்களை இணைக்கிறதுன்னு வேற விஷயங்கள்ல. நில உரிமை குடுத்ததால பிரிஞ்சு போனாங்கன்னு காட்ட ஒரு உதாரணம்கூட எனக்குக் கிடைக்கல.

அப்ப எது? ஒண்ணே ஒண்ணைத்தான் எடுக்கணும்னா எல்லாமே குறையுது, ஆறாவது அட்டவணை மட்டும் குடுத்தா கையெழுத்து துணைநிலை ஆளுநர் (எல்ஜி) கிட்ட, சட்டசபை மட்டும் குடுத்தா புதுச்சேரி, 371 மட்டும் குடுத்தா தீர்மானம் போட ஆளில்ல. என் கணக்குல இப்ப உடனே செய்யக்கூடியது 1972 மிசோரம் ஏற்பாடுதான், சட்டசபையோட யூனியன் பிரதேசம், அதுக்குள்ள லே-க்கும் கார்கிலுக்கும் தனித்தனியா ஆறாவது அட்டவணை கவுன்சில், கவுன்சில் சட்டத்துக்கு எல்ஜி குறிப்பிட்ட நாளுக்குள்ள பதில் சொல்லலன்னா அது செல்லும்னு ஒரு வரி, பட்ஜெட்ல இத்தனை பங்கு கவுன்சிலுக்குன்னு சட்டத்துலயே எழுதிடறது. சாங்பா மாதிரி சின்ன பழங்குடிகளுக்கு கவுன்சில்ல இடம் ஒதுக்கணும், இல்லேன்னா லே டவுன்காரங்க சாங்தாங்கை முடிவு பண்ணுவாங்க. அப்புறம் மிசோரம் போன மாதிரியே மாநிலமும் 371ம், அதுக்கு ஒரு வருஷத்தை இப்பவே குறிச்சு எழுதிக் குடுக்கணும், 2020 வாக்குறுதிக்கு அப்புறம் வெறும் வாய்ப்பேச்சை அங்க யாரும் நம்பப் போறதில்ல. ரெண்டு எம்பி சீட்டு தொகுதி மறுவரையறையோட போகிற விஷயம், அதுக்காக மத்ததை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கார்கில்ல இதுக்கு உடனே தலையாட்ட மாட்டாங்கன்னு தெரியும், நேரா மாநிலம்தான் வேணும்பாங்க, அவங்க பொறுத்த அளவுக்கு யூனியன் பிரதேசம்ங்கிற சொல்லே 2019ஐ ஞாபகப்படுத்துது. அவங்களை இதுக்கு சம்மதிக்க வைக்கணும்னா அந்த வருஷத்தை மட்டும் டெல்லி தள்ளிப்போடக்கூடாது.